தெர்மல் ஆக்ஸிலரி டிசைன் தெரிஞ்சவங்க நியூக்ளியரையும் அப்படியே பண்ணிடலாமா?

ஒரு வாசகர் கேட்டது, மார்ச் 2

நான் 660 மெகாவாட் சூப்பர்கிரிட்டிகல் யூனிட்டுக்கு ஆக்ஸிலரி எலக்ட்ரிக்கல் டிசைன் (பிளாண்டோட சொந்த பம்ப், ஃபேனுக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற டிசைன்) பண்ற டீம்ல இருக்கேன். யூனிட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்டேஷன் டிரான்ஸ்ஃபார்மர், 11 கேவி, 3.3 கேவி, 415 வோல்ட், பேட்டரி, டீசல் செட் எல்லாம் பழக்கம்தான். நியூக்ளியர் பிளாண்ட் சிங்கிள் லைன் (மொத்த மின் இணைப்பையும் ஒத்தைக் கோடா காட்டற படம்) பார்த்தா அதே பெட்டிங்கதான் இருக்கு, கூட ரெண்டு மூணு டீசல், கூட நிறைய பேப்பர். இப்ப வர்ற பாசிவ் ரியாக்டர்ல (பம்ப் இல்லாம தானா குளிர்ற வகை) டீசலே சேஃப்டி ஐட்டம் இல்லங்கறாங்க. அப்ப தெர்மல் பண்ணவங்க நேரா நியூக்ளியர் பண்ணிடலாம்னுதான் எனக்குத் தோணுது. சரியா அண்ணா?

மார்ச் 2, ராத்திரி

பாதி சரி தம்பி. சிங்கிள் லைனை மட்டும் பார்த்தா நீங்க சொல்ற மாதிரிதான் தெரியும், அதனாலதான் சிங்கிள் லைனை வச்சு முடிவு பண்ண வேணாம்ங்கறேன்.

யூனிட் ட்ரிப் ஆன அடுத்த நிமிஷத்துல என்ன வேணும்னு கேளுங்க. கோல் யூனிட்ல ஃப்யூயல் கட் ஆனதும் ஹீட் நின்னுடும், அப்புறம் நாம காப்பாத்துறது மெஷினை: டர்பைன் பேரிங்குக்கு ஆயில், ஜெனரேட்டருக்கு சீல் ஆயில், ஏர் ப்ரீஹீட்டர் சுத்தணும், டர்னிங் கியர் ஓடணும். எல்லாமே காசு, பெரிய காசு, ஆனா காசு. ரியாக்டர்ல கன்ட்ரோல் ராட் உள்ள போய் அணுப்பிளவு நின்னதுக்கு அப்புறமும் ஹீட் வந்துக்கிட்டே இருக்கும். 3000 மெகாவாட் தெர்மல் ரியாக்டர்னா ட்ரிப் ஆன உடனே கிட்டத்தட்ட 200 மெகாவாட், ஒரு மணி நேரம் கழிச்சு 45 பக்கம், ஒரு நாள் கழிச்சும் 15 பக்கம். அதை நிறுத்துற ஸ்விட்ச் கிடையாது, எடுத்துட்டுப் போய்க்கிட்டேதான் இருக்கணும். அதுக்குத் தண்ணி வேணும், வால்வு நகரணும், ஆபரேட்டருக்கு லெவலும் ப்ரஷரும் தெரியணும். அது ஒவ்வொண்ணும் உங்க ஏதோ ஒரு பஸ்ல (லோடுக்கெல்லாம் கரண்ட் பிரிச்சுக் கொடுக்கிற பொதுக் கம்பி) தொங்குது.

அதனால தெர்மல்ல லோடு லிஸ்ட் "யூனிட் ஓடும்போது"ன்னு ஆரம்பிக்கும், நியூக்ளியர்ல "யூனிட் நின்னதுக்கு அப்புறம்"னு ஆரம்பிக்கும். பெட்டி ஒண்ணுதான், கேள்வி வேற.

மார்ச் 3

நான் தெர்மலை லேசா சொல்ற மாதிரி இருக்குன்னு இன்னொருத்தர் எழுதியிருக்கார். இல்லவே இல்லை. அட்வான்ஸ்டு ஸ்டீம் யூனிட்ல ஆக்ஸிலரி வேலை எவ்வளவு கஷ்டம்னு முதல்ல சொல்லிடறேன், அப்புறம் நியூக்ளியருக்குப் போலாம்.

சூப்பர்கிரிட்டிகல் பாய்லர்ல ட்ரம் கிடையாது, தண்ணி ட்யூப்ல ஒரே ஓட்டத்துல ஸ்டீமாகிடும், அதனால ஒன்ஸ்-த்ரூன்னும் சொல்வாங்க. ட்ரம்ல இருக்கிற தண்ணி கொடுக்கிற கொஞ்ச நேர அவகாசம் அங்க இல்லை, ஃபீட் வாட்டர் ஃப்ளோ விழுந்தா சில செகண்ட்ல ட்யூப் மெட்டல் டெம்பரேச்சர் ஏற ஆரம்பிக்கும், ப்ரொடெக்‌ஷன் ட்ரிப் அடிச்சிடும். ஓடிக்கிட்டு இருக்கிறப்ப ஃபீட் பம்ப் பெரும்பாலும் ஸ்டீம் டர்பைன்ல ஓடும், ஆனா ஸ்டார்ட்டப்புக்கும் ஸ்டாண்ட்பைக்கும் ஒரு பெரிய மோட்டார் பம்ப் வச்சிருப்பாங்க, 10 மெகாவாட்டுக்கு மேல இருக்கும். அந்த ஒரு மோட்டார் உங்க மொத்த டிரான்ஸ்ஃபார்மர் சைஸையும் இம்பீடன்ஸையும் (உள்தடை) முடிவு பண்ணிடும்.

கணக்கு போட்டே காட்டறேன். 50 எம்விஏ, 11 கேவி செகண்டரி, இம்பீடன்ஸ் 12.5 சதவீதம். சோர்ஸ் பக்கம் இன்ஃபினிட்னு வச்சுக்கோங்க. ஃபால்ட் லெவல் (ஷார்ட் ஆனா பாயற அளவு) 400 எம்விஏ, அதாவது 21 கேஏ. பஸ்ல 40 எம்விஏ மோட்டார் ஓடுது, லாக்டு ரோட்டார் கரன்ட் (சுத்தாம நிக்கிற மோட்டார் இழுக்கிறது) 6 மடங்குன்னா அதுங்க ஃபால்ட்டுக்குக் கொடுக்கிறது 12.6 கேஏ. சேர்த்தா 33.6. ஸ்விட்ச்கியர் 40 கேஏ, போதும். இப்ப ஸ்டார்ட்டிங். 12 மெகாவாட் மோட்டார், ஃபுல் லோடு 13.8 எம்விஏ பக்கம், 4.5 மடங்கு இன்ரஷ்னு ஸ்பெஷலா வாங்கினாலும் 62 எம்விஏ. 400ஐ 462ஆல வகுத்தா 0.866, அதாவது பஸ் வோல்டேஜ் 86.6 சதவீதத்துக்கு இறங்கும். ஏற்கனவே ஓடற லோடு இழுக்கிற டிராப்பையும் சேர்த்தா 83 பக்கம் வந்து நிக்கும். 80க்குக் கீழ போகக் கூடாதுன்னு வச்சிருந்தா பாஸ்.

இப்ப யாராவது வந்து "ஃபால்ட் லெவல் ஜாஸ்தியா இருக்கு, இம்பீடன்ஸை 18 ஆக்கு"ம்பாங்க. ஆக்கிப் பாருங்க: 278 எம்விஏ, ஸ்டார்ட்டிங் 0.817, ஓடற லோடையும் சேர்த்தா 80க்குக் கீழ. மோட்டார் ஸ்பீடு எடுக்கத் திணறும், பக்கத்துல இருக்கிற 415 வோல்ட் கான்டாக்டர் விழும். இம்பீடன்ஸை ஏத்தினா ஒண்ணு போகும், இறக்கினா இன்னொண்ணு போகும், நடுவுல இருக்கிற சந்து ரொம்பக் குறுகல். அதுலயும் டிரான்ஸ்ஃபார்மர் டாலரன்ஸ் இருக்கு, ஐஇசி 60076 படி 10 சதவீதத்துக்கு மேல இருக்கிற ரெண்டு வைண்டிங் டிரான்ஸ்ஃபார்மருக்கு ப்ளஸ் மைனஸ் 7.5. ஃபால்ட் ஸ்டடிய மைனஸ் பக்கம் வச்சு ஓட்டணும், ஸ்டார்ட்டிங் ஸ்டடிய ப்ளஸ் பக்கம் வச்சு ஓட்டணும். ரெண்டு ஸ்டடியும் நாமினல்ல ஓட்டி ரிப்போர்ட்டை ஃபைல்ல போட்டிருப்பாங்க, நான் ரிவ்யூ பண்ண உட்கார்ந்தா முதல்ல தேடறது இதைத்தான்.

இந்தச் சந்து ரொம்ப குறுகிடுச்சுன்னா த்ரீ வைண்டிங் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு பஸ்ஸை ரெண்டாப் பிரிப்பாங்க, இல்ல வோல்டேஜை 6.6ல இருந்து 11க்கு ஏத்துவாங்க. ஏன் 11 கேவி வந்ததுங்கறதுக்கு இதான் நிஜமான காரணம்.

மார்ச் 3, கொஞ்சம் கழிச்சு

விஎஃப்டி (மோட்டார் ஸ்பீடை மாத்தற ட்ரைவ்) போட்டா ஸ்டார்ட்டிங் பிரச்சனையே இல்லையேன்னு கேள்வி. உண்மை, ஃபால்ட்டுக்கு அது கொடுக்கிறதும் பெருசா இருக்காது, பார்ட் லோடுல ஐடி ஃபேன்ல (ஃபர்னஸ் புகையை வெளிய இழுக்கிற ஃபேன்) மிச்சமாகற பவரும் ரொம்ப ஜாஸ்தி. ஆனா நேரா ஆன் பண்ற மோட்டார் 200 மில்லிசெகண்ட் வோல்டேஜ் டிப்பை இனர்ஷியாலயே தாண்டிடும், ட்ரைவ் அதுக்குள்ள டிசி லிங்க் அண்டர்வோல்டேஜ்ல விழுந்துடும். கிரிட்ல எங்கயோ ஃபால்ட் ஆகி உடனே க்ளியர் ஆயிடுச்சு, ஆனா ரெண்டு ஐடி ஃபேன் ட்ரைவும் ஒண்ணா விழுந்து ஃபர்னஸ் ப்ரஷர் ஏறி யூனிட் ட்ரிப். ட்ரைவ் வாங்குறப்பவே ரைட்-த்ரூ (டிப்பைத் தாங்கி நிக்கறது), ஃப்ளையிங் ரீஸ்டார்ட் (சுத்திக்கிட்டு இருக்கிற மோட்டாரைத் திரும்பப் பிடிக்கறது) ரெண்டையும் ஸ்பெக்ல எழுதுங்க. கன்ட்ரோல் சப்ளைய யுபிஎஸ்ல இருந்து கொடுங்க, ரெண்டு ஃபேனுக்கும் வேற வேற யுபிஎஸ்.

இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, இந்த இழை முழுக்க அங்கதான் போய் நிக்கப் போகுது.

மார்ச் 5

பஸ் டிரான்ஸ்ஃபர். இதைப் பத்தி எழுதாம போனா எனக்குத் தூக்கம் வராது.

யூனிட் சோர்ஸ் போச்சு, ஸ்டேஷன் சோர்ஸுக்கு மாறணும். பஸ்ல இருக்கிற மோட்டார்லாம் சுத்திக்கிட்டே இருக்கிறதால பஸ் வோல்டேஜ் உடனே ஜீரோ ஆகாது, மெதுவா இறங்கும், ஃப்ரீக்வென்சியும் இறங்கும், புது சோர்ஸோட ஒப்பிட்டா ஃபேஸ் ஆங்கிள் விலகிக்கிட்டே போகும். 180 டிகிரி தள்ளி நிக்கிறப்ப பிரேக்கரை மூடினா மோட்டார் ஷாஃப்ட்டுல விழற அடி ரொம்ப பெருசு, கப்ளிங் கிராக் ஆனதை நேர்ல பார்த்தவங்க இந்தச் சப்ஜெக்ட்டை லேசா எடுக்க மாட்டாங்க. அதனாலதான் மோட்டார் ஸ்டாண்டர்ட் சி50.41ல ரெண்டு சோர்ஸுக்கும் நடுவுல இருக்கிற வோல்ட்-பெர்-ஹெர்ட்ஸ் வித்தியாசம் 1.33 பெர் யூனிட்டைத் தாண்டக் கூடாதுன்னு வச்சாங்க.

ஒண்ணு, 100 மில்லிசெகண்டுக்குள்ள ஃபாஸ்ட்டா மாறிடணும். இல்ல, சுத்தி வந்து ஃபேஸ் சேர்ற நேரம் பார்த்து இன்-ஃபேஸ் டிரான்ஸ்ஃபர். அதுவும் தப்பினா வோல்டேஜ் 30 சதவீதத்துக்குக் கீழ இறங்கட்டும்னு காத்திருந்து ரெசிடுவல். ரெசிடுவல் ஷாஃப்ட்டுக்கு சேஃப், ஆனா பம்ப்லாம் அதுக்குள்ள ஸ்பீடு இழந்திருக்கும், எல்லாம் ஒண்ணா ரீஆக்சிலரேட் ஆக ஆரம்பிச்சா வோல்டேஜ் எழும்பவே எழும்பாது, ஒன்ஸ்-த்ரூ பாய்லர் அவ்வளவு நேரம் பொறுக்காது.

ஒரு பஸ்ல ஃபேனும் பம்ப்பும் கலந்து இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. சப்ளை போனதும் பம்ப் தண்ணித் தடையில சட்டுனு ஸ்பீடு விடும், பெரிய ஃபேன் இனர்ஷியாவால சுத்திக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல ஃபேன் மோட்டார் ஜெனரேட்டரா மாறி பம்ப்பை ஓட்டும்! அதனால பஸ் வோல்டேஜ் எவ்வளவு வேகமா இறங்கும்ங்கறது அந்த பஸ்ல யாரார் இருக்காங்கங்கறதைப் பொறுத்தது. லோடு டிஸ்ட்ரிப்யூஷனை வெறும் கேவிஏ பேலன்ஸ் பார்த்து பண்றவங்க இதைத் தவற விட்டுடறாங்க.

ஜெனரேட்டர் சர்க்யூட் பிரேக்கர் போட்டா இந்தத் தலைவலி பாதி குறையும், யூனிட் டிரான்ஸ்ஃபார்மர் கிரிட்ல இருந்து பேக்ஃபீட்ல அப்படியே நிக்கும், டர்பைன் ட்ரிப்ல பஸ் மாறவே வேண்டாம். விலை பெருசு. ஆனாலும் எனக்கு அது பிடிக்கும், நியூக்ளியர்ல இன்னும் பிடிக்கும், ஏன்னா ட்ரிப் ஆன அந்த செகண்ட்ல எந்த ஸ்விட்சிங்கும் நடக்காம இருக்கறது பெரிய வரம். மெயின் டிரான்ஸ்ஃபார்மரே ஃபால்ட் ஆனா மட்டும் டிரான்ஸ்ஃபர் வேணும், அதை மறந்துடக் கூடாது.

மார்ச் 6

எர்த்திங் பத்தி கேட்டவருக்கு: எம்வில (11, 3.3 கேவி லெவல்) ரெசிஸ்டன்ஸ் எர்த்திங்தான், நூத்துக்கணக்குல ஆம்பியர் விட்டு உடனே ட்ரிப் பண்றதா, பத்து ஆம்பியர் பக்கம் விட்டு அலாரம் மட்டும் கொடுக்கறதாங்கறதுதான் பேச்சு. அலாரம் மட்டும்னா ரெண்டாவது எர்த் ஃபால்ட் வர்றதுக்குள்ள முதலாவதைக் கண்டுபிடிக்கிற வசதி இருக்கணும், ஆளும் இருக்கணும். மேல போலாம்.

மார்ச் 8

டிசி. எங்க போனாலும் நான் முதல்ல பேட்டரி ரூமுக்குப் போவேன். ஏசி மொத்தமும் போன பிறகு பிளாண்ட்ல உயிரோட இருக்கிறது அது ஒண்ணுதான்.

220 வோல்ட் சிஸ்டம், 108 செல். பேட்டரி ஆள்கிட்ட விட்டா எண்ட் வோல்டேஜ் செல்லுக்கு 1.75னு எடுத்துச் சின்ன பேட்டரி கொடுத்துடுவார். 108ஐ 1.75ஆல பெருக்கினா 189. பிரேக்கர் க்ளோசிங் காயில் ஐஇசி படி 85 சதவீதம் வரைக்கும் வேலை செய்யும், அதாவது 187. மிச்சம் 2 வோல்ட். பேட்டரில இருந்து ஸ்விட்ச்கியர் வரைக்கும் இருக்கிற கேபிள் டிராப் அந்த 2 வோல்ட்டுக்குள்ளயா அடங்கும்? அடங்கவே அடங்காது. 1.85னு எடுத்தா 200 பக்கம் வரும், அப்பதான் கேபிளுக்கு இடம் கிடைக்கும், பேட்டரியும் பெருசாகும். ட்ரிப் காயில் 70 சதவீதம் வரைக்கும் தாங்கும், அதனால கடைசி நேரத்துல பிரேக்கர் ட்ரிப் ஆகும், ஆனா மூடாது. நமக்கு அந்தக் கடைசி நேரத்துல வேண்டியதே டீசல் பிரேக்கர் மூடறதுதானே.

அப்புறம் ஏஜிங் 1.25. பேட்டரி கெபாசிட்டி 80 சதவீதத்துக்கு வந்தா மாத்தணும்ங்கறது விதி, அந்தக் கடைசி நாள்லயும் ட்யூட்டி சைக்கிளைத் தாங்கணும்னா 1ஐ 0.8ஆல வகுத்து 1.25. இதை "மார்ஜின்"னு நினைச்சு லோடு ஏத்தறாங்க. அது மார்ஜின் இல்லை தம்பி, ஏற்கனவே செலவழிஞ்ச காசு.

நான் ஒரு கமிஷனிங்ல பார்த்ததை சொல்றேன். பிளாண்ட் பேர் வேணாம். ரெண்டு பேட்டரி, ரெண்டு சார்ஜர், ஒவ்வொரு சார்ஜருக்கும் தனித்தனி ஃபீடர்னு டிராயிங்ல அழகா இருந்தது. ஸ்பாட்டுல கேபிளைப் பிடிச்சுக்கிட்டே நடந்தோம். ரெண்டு ஃபீடரும் ஒரே எம்சிசிக்குத்தான் (மோட்டார் கன்ட்ரோல் போர்டு) போகுது, அது ரெண்டு செக்‌ஷன் எம்சிசிதான், ஆனா நார்மலா பஸ் கப்ளர் மூடியே ஓடுது. அதுக்கு மேல இருந்த அப்ஸ்ட்ரீம் பிரேக்கரை நிறுத்திக் காட்டினோம், ரெண்டு சார்ஜரும் ஒண்ணா செத்துச்சு. டிராயிங் போட்டவர் மேல குத்தம் இல்லை, அவர் ஷீட்ல எல்லாம் சரி, எம்சிசி ஷீட்லயும் எல்லாம் சரி. ரெண்டு ஷீட்டையும் பக்கத்துல வச்சுப் பார்க்கிற வேலை யாருக்கும் கொடுக்கப்படலை. அந்த நாளுக்கு அப்புறம் எந்த பிளாண்ட் டிராயிங் வந்தாலும் எத்தனை சோர்ஸ் இருக்குன்னு நான் எண்ணறது இல்லை, அதுங்க எங்க போய் ஒண்ணா சேருதுன்னுதான் தேடறேன்.

மார்ச் 9

மேல எழுதினது சின்ன விஷயமாத் தெரியலாம். ஸ்வீடன்ல ஃபோர்ஸ்மார்க் 1 நியூக்ளியர் யூனிட், 2006 ஜூலை 25. நியூக்ளியர் பக்கம் வரணும்னு நினைக்கிறவங்க இந்த ஒரு சம்பவத்தை மனப்பாடமா வச்சுக்கணும்.

நாலு ட்ரெயின், அதாவது ஒரே வேலைக்குத் தனித்தனியா நாலு சேஃப்டி வரிசை. ஒவ்வொண்ணுக்கும் தனி டீசல், தனி பேட்டரி, தனி யுபிஎஸ். பேப்பர்ல இதுக்கு மேல என்ன வேணும்? 400 கேவி யார்டுல மெயின்டனன்ஸ் நேரத்துல டிஸ்கனெக்டர் திறந்து ஆர்க் ஆகி ரெண்டு ஃபேஸ் ஷார்ட். பிளாண்ட் கிரிட்ல இருந்து பிரிஞ்சதும் ஜெனரேட்டர் வோல்டேஜ் சுமார் 120 சதவீதத்துக்கு எகிறிச்சு. அந்த ஓவர்வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர் வழியா கீழ இறங்கி நாலு யுபிஎஸ்ஸையும் ஒரே நேரத்துல தட்டிச்சு. ரெக்டிஃபையர் முதல்ல ட்ரிப் ஆகி இன்வெர்ட்டர் பேட்டரில ஓடணும், ரெண்டு ட்ரெயின்ல ரெண்டுமே ட்ரிப் ஆச்சு. நாலு டீசலும் ஸ்டார்ட் ஆச்சு! ஆனா அந்த ரெண்டு ட்ரெயின்ல டீசல் பஸ்ஸோட சேரலை, ஏன்னா டீசல் ஸ்பீடு வந்துடுச்சுன்னு சொல்ற சர்க்யூட்டுக்கு சப்ளை அதே யுபிஎஸ்ல இருந்து. டீசல் ஓடுது, பஸ் இருட்டு. கன்ட்ரோல் ரூம்ல பாதி டிஸ்ப்ளே இல்லை. சுமார் 22 நிமிஷம் கழிச்சு ஆபரேட்டர்ங்க கையால கனெக்ட் பண்ணாங்க.

மிச்ச ரெண்டு யுபிஎஸ்ஸும் அதே வகைதான். அதுங்க ஏன் தப்பிச்சுதுன்னு கேட்டா எந்த டிசைனரும் பெருமையா பதில் சொல்ல முடியாது. நாலு ட்ரெயின்னு நினைச்சது அந்த ஓவர்வோல்டேஜ் கண்ணுக்கு ஒரே ட்ரெயின். தெர்மல்ல ரெண்டு ஐடி ஃபேனுக்கு வேற வேற யுபிஎஸ்னு சொன்னேன்ல, ரெண்டும் ஒரே மேக், ஒரே செட்டிங், ஒரே அப்ஸ்ட்ரீம்னா பிரிச்சதுல பாதிப் பலன் போயிடும்ங்கறதையும் சேர்த்துப் படிச்சுக்கோங்க.

மார்ச் 9, ராத்திரி

டீசலோட கன்ட்ரோல் சப்ளை டீசல்கிட்டயே இருக்கணும். ஸ்டார்ட்டிங் ஏர், ஃபீல்ட் ஃப்ளாஷிங், ஸ்பீடு ரிலே, ஃப்யூயல் டிரான்ஸ்ஃபர் பம்ப், ரூம் வென்டிலேஷன் ஃபேன் வரைக்கும். வென்டிலேஷன் ஃபேன் வேற ட்ரெயின்ல இருந்தா டீசல் ஜம்முனு ஸ்டார்ட் ஆகும், அப்புறம் ரூம் சூட்டுல பேனல் எலக்ட்ரானிக்ஸ் வேகும்.

மார்ச் 11

"கிரிட் இருக்கா இல்லையான்னு அண்டர்வோல்டேஜ் ரிலே சொல்லிடும், அதுல என்ன டிசைன் இருக்கு"ன்னு கேள்வி. நிறைய இருக்கு. இருக்குங்கறதுக்கும் இல்லைங்கறதுக்கும் நடுவுல ஒரு மோசமான இடம் இருக்கு, அங்கதான் பிளாண்ட் மாட்டிக்கும்.

1976 ஜூலைல அமெரிக்காவோட மில்ஸ்டோன் 2 நியூக்ளியர் யூனிட்ல கிரிட் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கிச்சு. முழுசா போகலை, அதனால டீசல் வரலை. ஆனா 480 வோல்ட் ஸ்டார்ட்டர்களுக்குள்ள கன்ட்ரோல் வோல்டேஜ் பத்தாம கான்டாக்டர் முழுசா இழுக்காம நின்னு கன்ட்ரோல் ஃப்யூஸ் போச்சு. வோல்டேஜ் பழையபடி வந்தாலும் அந்த மோட்டார் இனி ஸ்டார்ட் ஆகாது, ஒருத்தர் போய் ஃப்யூஸ் மாத்தணும். அதுக்கப்புறம்தான் "சுத்தமா போச்சு"ங்கறதுக்கு ஒரு ரிலே, "டல்லா இருக்கு"ங்கறதுக்கு டைம் டிலேயோட இன்னொரு ரிலேன்னு ரெண்டு லெவல் வந்தது. அந்த ரெண்டாவது செட்டிங்கை எங்க வைக்கிறதுங்கறதுக்குக் கீழ இருக்கிற கடைசி கான்டாக்டர் வரைக்கும் வோல்டேஜ் கணக்கு வேணும். ரொம்ப மேல வச்சா நல்ல கிரிட்டை விட்டுட்டு அனாவசியமா டீசலுக்குப் போவீங்க, கீழ வச்சா ஃப்யூஸ் போகும்.

அடுத்தது அதே அமெரிக்காவுல பைரன் 2, 2012 ஜனவரி 30. யார்டுல இன்சுலேட்டர் உடைஞ்சு ஒரு ஃபேஸ் மட்டும் திறந்துக்கிச்சு. சேஃப்டி பஸ்ல அண்டர்வோல்டேஜ் ரிலே ரெண்டு, ரெண்டும் ஒத்துக்கிட்டாதான் ஆக்‌ஷன். ஒண்ணு பார்த்துக்கிட்டு இருந்த ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல வோல்டேஜ் நல்லாவே இருந்தது. ஒண்ணு இல்லைங்குது, ஒண்ணு இருக்குங்குது, பஸ் அந்தக் கெட்ட சப்ளையிலயே நின்னுக்கிச்சு. நெகட்டிவ் சீக்வென்ஸ்ல (மூணு ஃபேஸும் சமமா இல்லாததால வர்ற கரன்ட்) மோட்டார்லாம் ஓவர்கரன்ட்ல ஒவ்வொண்ணா ட்ரிப். சுமார் 8 நிமிஷம் கழிச்சு ஆபரேட்டர்ங்க கண்டுபிடிச்சு பிரேக்கரைத் திறந்தாங்க, உடனே டீசல் வந்து தூக்கிச்சு. டீசல் தயாரா இருந்தது, கூப்பிட ஆள் இல்லை. அமெரிக்க நியூக்ளியர் ரெகுலேட்டர் என்ஆர்சி அந்த வருஷமே புல்லட்டின் 2012-01 போட்டாங்க. 2013 மே மாசம் ஃபோர்ஸ்மார்க் 3லயும் ஓபன் ஃபேஸ் வந்தது.

இதுல பயங்கரமான பகுதி என்னன்னா லோடு இல்லாம ஸ்டாண்ட்பைல நிக்கிற டிரான்ஸ்ஃபார்மர்ல, சில வைண்டிங் கனெக்‌ஷன்லயும் மூணு லிம்ப் கோர்லயும், திறந்த ஃபேஸ்ல வோல்டேஜ் கோர் ஃப்ளக்ஸ் வழியா திரும்ப வந்துடும். செகண்டரில மீட்டர் மூணும் சரியா காட்டும். அவசரத்துல அது மேல லோடு போட்டாதான் வெளிய தெரியும். உங்க தெர்மல் யூனிட்ல ஸ்டேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஹாட் ஸ்டாண்ட்பைன்னு நிக்குதே, அதுக்கும் இதே கதைதான், ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

மார்ச் 12

ஃபுகுஷிமா ஏன் இன்னும் எழுதலைன்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. எழுதறேன், ஆனா எல்லாரும் சொல்ற "டீசல் பேஸ்மென்ட்ல இருந்தது, தண்ணி வந்தது"ங்கறதோட நிறுத்தப் போறதில்லை.

2011 சுனாமி அடிச்ச ஃபுகுஷிமா டாய்ச்சில எல்லா டீசலும் மூழ்கலை. யூனிட் 2க்கும் 4க்கும் இருந்த ஏர் கூல்டு டீசல் வேற பில்டிங்ல மேல இருந்தது, அதுங்க நனையலை. அதுங்க பவர் கொடுக்க வேண்டிய ஸ்விட்ச்கியர் கீழ தண்ணிக்குள்ள போயிடுச்சு. நல்ல டீசல், போய்ச் சேர பஸ் இல்லை. யூனிட் 6ல இருந்த ஏர் கூல்டு டீசலும் அதோட ஸ்விட்ச்கியரும் பிழைச்சுது, அந்த ஒண்ணுதான் 5, 6 ரெண்டையும் காப்பாத்திச்சு. யூனிட் 1, 2ல டிசியும் போனதால லெவல் இண்டிகேஷன் பார்க்கக் கார் பேட்டரிய சேகரிச்சு சீரீஸ்ல கட்டினாங்க. பவர் வண்டி வந்தது, யூனிட் 2க்குக் கேபிள் இழுத்து முடிச்ச நேரத்துல யூனிட் 1 ஹைட்ரஜன் வெடிப்புல அந்தக் கேபிளே சேதமாச்சு.

பக்கத்துல இருந்த இன்னொரு பிளாண்ட் ஃபுகுஷிமா டாய்னியில ஒரு வெளி லைன் பிழைச்சிருந்தது. கரண்ட் இருக்கு, பம்ப்புக்குக் கொண்டுபோக வழி இல்லை. சுமார் 200 பேர் 9 கிலோமீட்டர் கேபிளைக் கையால இழுத்துக் கொண்டுபோய் சேர்த்தாங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். டிசைனர் டெஸ்க்ல ஒரு கனெக்‌ஷன் பாக்ஸை சுவத்துக்கு வெளிய, உயரமான இடத்துல, ஸ்டாண்டர்ட் ப்ளக்கோட வச்சா அந்த மாதிரி நாள்ல யாரோ சில பேருக்கு எவ்வளவு பாரம் குறையும்! அதுக்கப்புறம் வந்த மொபைல் டீசல் கனெக்‌ஷன் பாயிண்ட் எல்லாம் இந்த நினைப்புல பிறந்ததுதான். அதை லேஅவுட் மீட்டிங்ல வெட்டறதுக்கு யாராவது வந்தா விடாதீங்க.

மார்ச் 13

கேபிளை விட்டுட்டேன்னு யாரும் சொல்றதுக்கு முன்னாடி. 1975 மார்ச் 22, அமெரிக்காவோட பிரவுன்ஸ் ஃபெர்ரி நியூக்ளியர் பிளாண்ட்: ஏர் லீக் தேட மெழுகுவர்த்தியைக் காட்டினாங்க, ஃபோம் பத்திக்கிச்சு, 1600க்கு மேல கேபிள் போச்சு. ரெடண்டன்ட் பம்ப்புங்களோட கன்ட்ரோல் எல்லாம் அந்த ட்ரேக்கள்ல. 1993 மார்ச் 31, நம்ம நாட்டு நரோரா நியூக்ளியர் பிளாண்ட்: டர்பைன் ப்ளேடு உடைஞ்சு ஹைட்ரஜன் கசிஞ்சு தீ, தீ கேபிளைப் பிடிச்சு 17 மணி நேரம் பிளாக்அவுட். டீசல் இன்ஜின்ல நேரா ஓடற ஃபயர் பம்ப்ல தண்ணி எடுத்து ஸ்டீம் ஜெனரேட்டருக்கு விட்டுத்தான் ரியாக்டரைக் குளிரவச்சாங்க. எந்த பஸ்ஸையும் நம்பாம நின்ன பம்ப் அது. நான் மின்சாரம் படிச்சவன், ஆனாலும் கரண்ட்டே வேண்டாத ஒரு பம்ப் பிளாண்ட்ல இருக்கறதை எப்பவும் ஆதரிப்பேன்.

மார்ச் 16

இப்ப பாசிவ். கேட்டவர் ஆரம்பிச்ச இடம் இதுதான், இவ்வளவு தூரம் காக்க வச்சதுக்குக் காரணம் மேல இருக்கிறது எல்லாம் தெரியாம இதைப் பேச முடியாது.

வெஸ்டிங்ஹவுஸோட பாசிவ் ரியாக்டர் ஏபி1000ல ட்ரிப்புக்கு அப்புறம் 72 மணி நேரம் ஏசி பவர் இல்லாமலே கோர் குளிரும், தண்ணி புவியீர்ப்புலயும் இயற்கைச் சுழற்சியிலயும் ஓடும். அதனால டீசல் க்ளாஸ் 1இ (சேஃப்டிக்குன்னே தகுதி பெற்ற மின் சாதனம்) கிடையாது. ரெண்டு ஸ்டாண்ட்பை டீசல் நான்-சேஃப்டியா இருக்கு, 72 மணிக்கு அப்புறம் வேணும்ங்கறதுக்காக ரெண்டு சின்ன ஆன்சிலரி டீசலும் இருக்கு. சரி, அப்ப எலக்ட்ரிக்கல் வேலை சுலபமாச்சா? முழு பாரமும் டிசிக்கு நகர்ந்திருக்கு. நாலு டிவிஷன், 250 வோல்ட் டிசி, நாலுலயும் 24 மணி நேர பேட்டரி, ரெண்டு டிவிஷன்ல கூடுதலா 72 மணி நேர பேட்டரி. வால்வு ஒரு தடவை திறந்தா போதும், ஆனா அந்த ஒரு தடவை திறக்கணும், தப்பான நேரத்துல திறக்கவும் கூடாது, 72 மணி நேரமும் ஆபரேட்டருக்கு மானிட்டரிங் இருக்கணும். தெர்மல்ல நீங்க போடற பேட்டரி ட்யூட்டி சைக்கிள் ஒண்ணு ரெண்டு மணி நேரம். 72 மணி நேரத்துக்கு ஒவ்வொரு வாட்டும் கணக்கு, கார்டு கார்டா லோடு அளக்கணும், அந்த எலக்ட்ரானிக்ஸ் கொடுக்கிற சூட்டை ஏசி இல்லாத ரூம் எப்படித் தாங்கும்னு சிவில் ஆளோட உட்கார்ந்து பேசணும்.

ஏபி1000 கூலன்ட் பம்ப் ஸ்டார்ட் பண்ண விஎஃப்டி வச்சிருக்காங்க. குளிர்ந்த தண்ணி கனமா இருக்கும், ஃபுல் ஸ்பீடுல ஓட்டினா மோட்டாருக்கு ஓவர்லோடு, அதனால ஹீட்டப் முடியற வரைக்கும் ஸ்பீடு குறைச்சு ஓட்டுவாங்க. தெர்மல் ஆளுக்கு இங்க கை நல்லா ஓடும்.

நியூஸ்கேல்ங்கற சின்ன ரியாக்டர் டிசைன்ல இன்னும் ஒரு படி மேல போய் க்ளாஸ் 1இ பவரே தேவையில்லைன்னு வாதாடினாங்க, என்ஆர்சி 2018ல அதை ஏத்துக்கிட்டாங்க. அதுக்காக பேட்டரி இல்லாம விட்டுடலை, ரொம்ப நம்பகமான டிசி சிஸ்டம் அங்கயும் இருக்கு.

மார்ச் 17

ரெண்டாவது யோசனை. 2ம் தேதி ராத்திரி பாதி சரின்னு எழுதினேன், இப்ப எந்தப் பாதின்னு தெளிவா சொல்லலாம். பெரிய மோட்டார் ஸ்டார்ட்டிங், பஸ் டிரான்ஸ்ஃபர், ஹார்மோனிக்ஸ், ஃபால்ட் லெவல், இதுல சூப்பர்கிரிட்டிகல் பண்ணவங்களுக்கு நியூக்ளியர் டீம்ல நிறைய பேரை விட அனுபவம் ஜாஸ்தி. யூனிட்டை அடிக்கடி ஏத்தி இறக்கி ஓட்டின கை அது. வராதது, ஒரு ஃபால்ட்டைக் கையில வச்சுக்கிட்டு நாலு ட்ரெயினையும் சுத்தி வந்து "இது எங்கெல்லாம் ஒரே நேரத்துல தொடும்"னு தேடற பழக்கம். ஒரு பிரேக்கர் ஃபெயில் ஆனா என்னன்னு தெர்மல்ல கேட்டிருப்பீங்க. ஒரு சாஃப்ட்வேர் வெர்ஷன் ஃபெயில் ஆனா, ஒரு ரூம் டெம்பரேச்சர் ஏறினா, ஒரு ரிலே செட்டிங் ஷீட் தப்பா இருந்தான்னு கேட்டிருக்க மாட்டீங்க.

மார்ச் 18

எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. ஸ்டாண்டர்ட் படிக்கறது அப்புறம் இருக்கட்டும், ஐஇஇஇ 308, 485, 741, 765 எல்லாம் ஓடிப் போகாது. உங்க 660 யூனிட்லயே ஒரு ஷீட் போடுங்க. எமர்ஜென்சி லூப் ஆயில் பம்ப், சீல் ஆயில் டிசி பம்ப், டீசல் செட், ஐடி ஃபேன் ட்ரைவ், ஃபீட் பம்ப் கன்ட்ரோல், டர்பைன் ட்ரிப் சர்க்யூட். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல கன்ட்ரோல் சப்ளை எந்த ஃப்யூஸ்ல இருந்து வருது, அந்த ஃப்யூஸ் எந்த போர்டு, அந்த போர்டு எந்த சார்ஜர், சார்ஜர் எந்த எம்சிசி, கேபிள் எந்த ட்ரே, பேனல் எந்த ரூம், அந்த ரூமோட கூலிங் எந்த பஸ். டிராயிங்ல இருந்து எழுதாதீங்க, கேபிள் டேக்கைப் பார்த்து எழுதுங்க. எழுதி முடிச்சுட்டு ஒரே பேர் ரெண்டு வரிசையில வர்ற இடத்துல எல்லாம் சிவப்பு மை போடுங்க. போட்டுட்டு இங்க வந்து சொல்லுங்க, அந்தச் சிவப்புல எதை முதல்ல பிரிக்கணும்னு சேர்ந்து பார்க்கலாம்.